கவர்டு கால் ஆப்ஷன் விற்றதை அமெரிக்க வருமான வரிப் படிவத்தில் காட்டுவது எப்படி?

கால் ஆப்ஷன் என்பது ஒரு பங்கைக் குறித்த நாளுக்குள் குறித்த விலைக்கு (ஸ்ட்ரைக் விலைக்கு) வாங்கும் உரிமை. கையில் உள்ள பங்குகளை வைத்துக்கொண்டு அவற்றின் மீது அதை விற்பதுதான் கவர்டு கால். விற்பவருக்கு அந்த உரிமையின் விலையான பிரீமியம் உடனே கணக்கில் வரவாகிவிடும். ஆனால் அந்தத் தொகைக்கான வரிக் கணக்கு அன்றைக்குத் தொடங்குவதில்லை. விற்ற ஆப்ஷன் எப்படி முடிந்தது, எந்த நாளில் முடிந்தது என்ற இரண்டு விவரங்கள் தெரிந்த பிறகுதான் அது எந்த ஆண்டின் வருமானம், எந்த வகை வருமானம், எந்தப் படிவத்தில் எந்தப் பகுதியில் இடம்பெற வேண்டும் என்று சொல்ல முடியும். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் படிவத்தை நிரப்புவது எளிது. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு: அடியில் இருக்கும் பங்கின் நீண்ட கால மூலதன ஆதாயத் தகுதியை (ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த பங்குக்குக் கிடைக்கும் குறைந்த வரி விகிதத்தை) அறியாமல் இழந்துவிடாமல் காப்பது. இருநூறு டாலர் பிரீமியத்துக்காக ஆயிரக்கணக்கான டாலர் ஆதாயத்தின் வரி விகிதத்தை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பு இந்த முறையில் இருப்பதால், படிவத்தைப் பற்றிப் பேசும்போதே அதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இங்கே சொல்பவை அமெரிக்காவில் வரி செலுத்தும் தனிநபர் முதலீட்டாளர்களுக்கானவை. அங்குள்ள மென்பொருள் நிறுவனங்களில் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலரிடம் ஆர்எஸ்யு (நிறுவனம் சம்பளத்தின் பகுதியாகத் தரும் பங்கு) வழியாக வந்த பங்குகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றை விற்காமலேயே கொஞ்சம் வருமானம் பார்க்கலாம் என்ற எண்ணத்தில் கவர்டு கால் பக்கம் வருபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் தங்கள் நிறுவனத்தின் உள்வர்த்தகக் கொள்கையைப் படித்துவிட வேண்டும். சொந்த நிறுவனப் பங்கின் மீது ஊழியர்கள் ஆப்ஷன் வர்த்தகம் செய்வதைப் பல நிறுவனங்கள் தடை செய்துள்ளன. ஐஆர்ஏ போன்ற ஓய்வூதியக் கணக்குகளுக்குள் விற்ற கவர்டு கால்களை ஆண்டுதோறும் படிவத்தில் காட்ட வேண்டியதில்லை என்பதால் அவற்றை இத்துடன் விட்டுவிடலாம்.

பிரீமியம் எப்போது வருமானமாகிறது?

விற்ற கால் ஆப்ஷனுக்கு மூன்று முடிவுகள்தான் உண்டு: மதிப்பில்லாமல் காலாவதியாகலாம்; நீங்களே சந்தையில் திரும்ப வாங்கி முடிக்கலாம்; வாங்கியவர் உரிமையைப் பயன்படுத்த, உங்கள் பங்குகள் ஸ்ட்ரைக் விலைக்குக் கைமாறலாம். மூன்றாவதைத்தான் அசைன்மென்ட் என்கிறார்கள். இவற்றில் ஒன்று நடக்கும் வரை பிரீமியம் வருமானமும் அல்ல, ஆதாயமும் அல்ல. 2025 நவம்பரில் பிரீமியம் வாங்கிய கால், 2026 ஜனவரி 16 அன்று காலாவதியானால், அந்தப் பணம் 2025 டிசம்பர் அறிக்கையில் இருந்தாலும் 2026ஆம் ஆண்டுக்கான படிவத்துக்கே உரியது.

முதல் இரண்டு முடிவுகளுக்கும் வருமான வரிச் சட்டத்தின் 1234ஆம் பிரிவு விடை சொல்கிறது. காலாவதியால் கிடைக்கும் ஆதாயமும், திரும்ப வாங்கி முடிப்பதால் வரும் ஆதாயமோ நட்டமோ எதுவானாலும், பின்னால் சொல்லும் சில நட்டங்களைத் தவிர, குறுகிய கால மூலதனக் கணக்கைச் சேர்ந்தவை. ஆப்ஷன் எத்தனை மாதம் திறந்திருந்தது என்பது இங்கே கணக்கில் வராது. பதினான்கு மாதம் திறந்திருந்த நீண்ட காலாவதி ஆப்ஷனின் ஆதாயமும் குறுகிய கால ஆதாயம்தான். மூன்றாவது முடிவில் ஆப்ஷனுக்கென்று தனி ஆதாயமே கிடையாது. பிரீமியம் பங்கின் விற்பனை விலையோடு சேர்ந்துவிடும்; அது குறுகிய காலமா நீண்ட காலமா என்பதை அந்தப் பங்கை எவ்வளவு காலம் வைத்திருந்தீர்கள் என்பதே தீர்மானிக்கும்.

படிவம் 8949இல் வரிசை வரிசையாக

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 2024 மார்ச் 14 அன்று ஒரு நிறுவனத்தின் 300 பங்குகளைத் தலா 80 டாலருக்கு வாங்கினார். நூறு பங்குக்கு அடக்க விலை 8,000 டாலர். 2025இல் வெவ்வேறு நேரங்களில், ஒவ்வொன்றும் நூறு பங்குக்கான மூன்று கால் ஒப்பந்தங்களை விற்றார். தரகுக் கட்டணத்தைக் கணக்கின் எளிமைக்காக இங்கே விட்டுவிடுகிறேன். உண்மைக் கணக்கில், வாங்கிய பிரீமியத்தில் அதைக் கழித்தும் திரும்ப வாங்கிய விலையில் அதைக் கூட்டியும் கொள்ள வேண்டும்.

முதல் கால், மே 5 அன்று 250 டாலருக்கு விற்கப்பட்டு, ஜூன் 20 அன்று மதிப்பின்றிக் காலாவதியானது. மூலதன ஆதாய நட்டங்களை வரிவரியாகக் காட்டும் படிவம் 8949இன் முதல் பகுதியில், அதாவது குறுகிய காலப் பகுதியில், இதற்கு ஒரு வரி வேண்டும். இங்கே பலரும் தடுமாறுவது தேதிகளில்தான், ஏனென்றால் பங்கில் வாங்குவது முன்னும் விற்பது பின்னும் வரும்; விற்ற ஆப்ஷனில் அது தலைகீழ். வாங்கிய தேதிக்கான பி பத்தியில் காலாவதி நாளான ஜூன் 20ஐயும், விற்ற தேதிக்கான சி பத்தியில் மே 5ஐயும் எழுத வேண்டும். வரவுக்கான டி பத்தியில் 250. அடக்க விலைக்கான இ பத்தியில் எண்ணுக்குப் பதிலாகக் ‘காலாவதி’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை (Expired) எழுத வேண்டும் என்று படிவத்தின் வழிமுறை சொல்கிறது. எச் பத்தியில் ஆதாயம் 250.

இரண்டாவது கால், ஜூலை 1 அன்று 300 டாலருக்கு விற்கப்பட்டது. காலாவதி ஆகஸ்ட் 15. பங்கு விலை ஏறிவிட்டதால் ஆகஸ்ட் 6 அன்று 480 டாலர் கொடுத்துத் திரும்ப வாங்கினார். பி பத்தியில் ஆகஸ்ட் 6, சி பத்தியில் ஜூலை 1, டி பத்தியில் 300, இ பத்தியில் 480, எச் பத்தியில் 180 டாலர் நட்டம். அதே நாளில் அவர் 2026 ஜனவரி 16 அன்று காலாவதியாகும் இன்னொரு காலை 520 டாலருக்கு விற்றார். இப்படி ஒன்றை மூடி இன்னொன்றைத் திறப்பதை ரோல் செய்வது என்கிறார்கள். தரகு நிறுவனத்தின் திரையில் அது 40 டாலர் வரவு வைத்த ஒரே ஆணையாகத் தெரியும். வரிக் கணக்கில் அவை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரண்டு நடவடிக்கைகள். 180 டாலர் நட்டம் 2025க்கு உரியது. 520 டாலர் இன்னும் முடிவு தெரியாத பணம், அதை 2025இல் காட்டக்கூடாது.

மூன்றாவது கால், செப்டம்பர் 2 அன்று 105 டாலர் ஸ்ட்ரைக் விலையில் 320 டாலருக்கு விற்கப்பட்டு, அக்டோபர் 17 அன்று அசைன் ஆனது. இதற்கு ஆப்ஷன் வரி எதுவும் எழுதக்கூடாது. பங்கு விற்பனையாக, இரண்டாம் பகுதியில், வாங்கிய தேதி 2024 மார்ச் 14, விற்ற தேதி 2025 அக்டோபர் 17, வரவு 10,500உடன் 320 சேர்த்து 10,820, அடக்க விலை 8,000, நீண்ட கால ஆதாயம் 2,820 என்று ஒரே வரியில் காட்ட வேண்டும். அந்த 320 டாலரைத் தனியே குறுகிய கால ஆதாயமாகவும் எழுதுபவர் ஒரே பணத்துக்கு இரண்டு முறை வரி கட்டுகிறார்.

1099-பியோடு ஒப்பிடுதல்

தரகு நிறுவனங்கள் ஆண்டின் விற்பனைகளைக் காட்டும் 1099-பி படிவத்தைப் பிப்ரவரி நடுவில் அனுப்புகின்றன. அதே விவரம் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் போகிறது. பிறகு திருத்திய படிவம் வருவதும் வழக்கம் என்பதால், பல கணக்குகள் வைத்திருப்பவர்கள் மார்ச் வரை பொறுத்திருப்பது நல்லது. உங்கள் 8949இல் உள்ள ஒவ்வொரு வரியும் 1099-பியில் உள்ள ஒரு வரியோடு பொருந்த வேண்டும். அடக்க விலை ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தால் முதல் பகுதியில் ஏ பெட்டியையும் இரண்டாம் பகுதியில் டி பெட்டியையும், தெரிவிக்கப்படாவிட்டால் முறையே பி, இ பெட்டிகளையும் குறியிட வேண்டும். அடக்க விலை தெரிவிக்கப்பட்டு, எந்தத் திருத்தமும் தேவைப்படாத வரிகளை 8949இல் ஒவ்வொன்றாக எழுதாமல், மொத்தத்தை நேரே, 8949இன் கூட்டுத்தொகைகள் சேரும் ஷெட்யூல் டியில் 1ஏ அல்லது 8ஏ வரியில் சேர்க்கவும் அனுமதி உண்டு.

அசைன் ஆன பங்குகளின் வரியைத்தான் கூர்ந்து பார்க்க வேண்டும். 2014 முதல் விற்ற ஆப்ஷன்களுக்குப் பிரீமியத்தைச் சேர்த்தே விற்பனை வரவைக் காட்ட வேண்டும் என்பது தரகு நிறுவனங்களுக்கான விதி. நம் எடுத்துக்காட்டில் அங்கே 10,820 இருக்க வேண்டும். ஒருவேளை 10,500 மட்டும் இருந்தால், டி பத்தியில் அந்த 10,500ஐயே எழுதி, எஃப் பத்தியில் இ என்ற குறியீட்டை இட்டு, ஜி பத்தியில் 320ஐச் சேர்க்க வேண்டும். 1099-பியில் உள்ள எண்ணை நாமாக மாற்றி டி பத்தியில் எழுதிவிட்டால் ஐஆர்எஸ்ஸின் கணினி இரண்டையும் ஒப்பிடும்போது வேறுபாடு தெரியும், விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். எனவே திருத்தம் எப்போதும் திருத்தத்துக்கான பத்தியிலேயே இருக்க வேண்டும்.

ஆர்எஸ்யு வழியாக வந்த பங்குகள் அசைன் ஆனால் இன்னொரு சோதனை தேவை. அவற்றின் அடக்க விலை, அவை உங்கள் பெயருக்கு வந்த நாளின் சந்தை விலை. அந்தத் தொகை டபிள்யூ-2 படிவத்தில் சம்பளமாக ஏற்கெனவே வரிக்கு உட்பட்டுவிட்டது. ஆனால் 1099-பியில் அடக்க விலை காலியாகவோ சுழியமாகவோ இருப்பதைப் பார்க்கலாம். அடக்க விலை ஐஆர்எஸ்ஸுக்குத் தெரிவிக்கப்படாத வரியானால் சரியான விலையை இ பத்தியிலேயே எழுதிவிடலாம். தவறான விலை தெரிவிக்கப்பட்டிருந்தால் அதையே இ பத்தியில் வைத்து, பி என்ற குறியீட்டோடு ஜி பத்தியில் திருத்த வேண்டும். தரகு நிறுவனம் தரும் துணை அறிக்கையில் சரியான விலை இருக்கும்.

வெவ்வேறு நாள்களில் வாங்கிய பங்குகள் ஒரே கணக்கில் இருந்தால், எந்தத் தொகுதி கைமாறியது என்பதை நீங்கள் சொல்லாவிட்டால் முதலில் வாங்கியது முதலில் போனதாகக் கொள்ளப்படும். அசைன்மென்ட் அறிவிப்பு வந்ததும், பரிவர்த்தனை தீரும் நாளுக்குள், எந்தத் தொகுதி என்று தரகு நிறுவனத்துக்குத் தெரிவிக்கலாம். 2024 மே 28 முதல் பங்குப் பரிவர்த்தனைகள் ஒரே வேலை நாளில் தீர்ந்துவிடுவதால் இதற்கான அவகாசம் மிகக் குறைவு.

தகுதி பெற்ற கவர்டு கால்

இதுவரை சொன்னவற்றை வரி மென்பொருளே பெரும்பாலும் செய்துவிடும். இனிச் சொல்வதை 1099-பி கணக்கிட்டுத் தருவதில்லை. ஆகவே முதலீட்டாளரே கவனிக்க வேண்டும்.

பங்கையும் அதன் அபாயத்தைக் குறைக்கும் எதிர்நிலை ஒன்றையும் ஒருசேர வைத்திருப்பதை 1092ஆம் பிரிவு ஸ்ட்ராடில் என்று வகைப்படுத்தி, அதற்குக் கடுமையான விதிகளை வைத்திருக்கிறது. கவர்டு கால் இந்த வலைக்குள் விழாமல் இருக்க ஒரு விலக்கு உண்டு. அதுவே தகுதி பெற்ற கவர்டு கால். முக்கிய நிபந்தனைகள் இரண்டு: ஆப்ஷன் பங்குச் சந்தையில் வர்த்தகமாவதாக இருந்து, விற்ற நாளுக்கும் காலாவதிக்கும் இடையே 30 நாளுக்கு மேல் இருக்க வேண்டும், ஸ்ட்ரைக் விலை சந்தை விலையைவிட மிகக் கீழே இருக்கக்கூடாது. 33 மாதத்துக்கு மேற்பட்ட காலாவதியும் தகுதி பெறாது.

எவ்வளவு கீழே என்பதற்கு அளவு உண்டு. பங்கின் முந்தைய நாள் முடிவு விலையை எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே கிடைக்கும் ஸ்ட்ரைக் விலைகளில் மிக உயர்ந்தது எதுவோ அதுவே எல்லை. விற்ற நாளின் தொடக்க விலை முந்தைய முடிவு விலையைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்ந்திருந்தால் மட்டும் தொடக்க விலையைக் கொள்ள வேண்டும். பங்கு 97.40 டாலரில் முடிந்து, ஸ்ட்ரைக் விலைகள் 92.50, 95, 97.50, 100 என்று இருந்தால், எல்லை 95; அதற்குக் கீழே 92.50இல் விற்ற கால் தகுதி இழக்கும். காலாவதிக்கு 90 நாளுக்கு மேல் இருந்து, ஸ்ட்ரைக் விலை 50 டாலரைத் தாண்டினால், ஒரு படி இறங்கி 92.50 வரை போகலாம். 25 டாலரும் அதற்குக் குறைவுமான பங்குகளில் எல்லை, பங்கு விலையின் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்கக்கூடாது. 150 டாலர் வரையுள்ள பங்குகளில் விலையிலிருந்து 10 டாலருக்கு மேல் இறங்கக்கூடாது.

தகுதி பெற்ற கால்களிலும் இரண்டு வகை உண்டு. ஸ்ட்ரைக் விலை சந்தை விலைக்குச் சமமாகவோ மேலாகவோ இருந்தால் பங்கின் வைத்திருப்புக் காலத்துக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. சந்தை விலைக்குச் சற்றுக் கீழே இருந்தால், ஆப்ஷன் திறந்திருக்கும் நாள்கள் பங்கின் வைத்திருப்புக் காலத்தில் சேராது. எண்ணிக்கை நின்று, ஆப்ஷன் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். இந்த இரண்டாவது வகையில், பங்கை அன்றே விற்றால் நீண்ட கால ஆதாயம் வரும் நிலையில் இருக்கும்போது ஆப்ஷனை நட்டத்தில் முடித்தால், அந்த நட்டமும் நீண்ட கால நட்டமாகிவிடும்.

தகுதி பெறாத காலின் விளைவு இதைவிடக் கடுமையானது. ஓராண்டு நிறையாத பங்கின் மீது அதை விற்றால், அதுவரை சேர்ந்த காலம் அழிந்து, ஆப்ஷன் முடிந்த பிறகு எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும். 2025 பிப்ரவரி 3 அன்று வாங்கிய பங்கு 2026 பிப்ரவரி 4 அன்று நீண்ட காலத் தகுதி பெற வேண்டியது. அதன் மீது 2026 ஜனவரி 5 அன்று, அந்த வாரமே ஜனவரி 9 அன்று முடியும் காலை விற்றால், பதினோரு மாதம் வீணாகி, 2027 ஜனவரி வரை காத்திருக்க நேரும். ஓராண்டு ஏற்கெனவே நிறைந்த பங்கின் தகுதி இப்படிப் போகாது. ஆனால் அப்போது ஆப்ஷனில் வரும் நட்டம் நீண்ட கால நட்டமாகும். அதோடு, பங்கில் விற்காத ஆதாயம் எவ்வளவு இருக்கிறதோ அந்த அளவுக்கு ஆப்ஷன் நட்டத்தை அந்த ஆண்டில் கழிக்க முடியாது. பங்கு விற்கும் வரை அது தள்ளிவைக்கப்படும். இவற்றைப் படிவம் 6781இன் இரண்டாம் பகுதியில் காட்ட வேண்டும். சந்தை விலைக்கு வெகு மேலே விற்ற ஒரு வாரக் கால், பங்கின் அபாயத்தைச் சட்டம் சொல்லும் அளவுக்குக் குறைக்கிறதா என்பதில் வாதத்துக்கு இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை வரி அதிகாரியோடு நடத்துவதைவிட, ஓராண்டு நிறையாத பங்கின் மீது வாராந்தரக் கால் விற்காமலிருப்பதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

பங்கு ஈவுத்தொகை தருவதாக இருந்தால் அங்கும் இதன் நிழல் விழும். ஈவுத்தொகைக்குக் குறைந்த வரி விகிதம் கிடைக்க, ஈவு உரிமை நீங்கும் நாளைச் சுற்றிய 121 நாளில் 60 நாளுக்கு மேல் பங்கை அபாயத்தோடு வைத்திருக்க வேண்டும். தகுதி பெறாத கால் திறந்திருந்த நாள்களும், சந்தை விலைக்குக் கீழே விற்ற தகுதி பெற்ற கால் திறந்திருந்த நாள்களும் இந்த எண்ணிக்கையில் சேராது.

ஆண்டு முடிவில் கவனிக்க வேண்டிய விதி ஒன்றும் உண்டு. டிசம்பரில் காலை நட்டத்தில் மூடிவிட்டு, ஆதாயத்திலுள்ள பங்கை 30 நாள் முடியும் முன்பே அடுத்த ஆண்டில் விற்றால், தகுதி பெற்ற கால் என்ற விலக்கே போய்விடும். நட்டத்தை இந்த ஆண்டும் ஆதாயத்தை அடுத்த ஆண்டும் வைப்பதைத் தடுக்க வந்த விதி இது. அசைன்மென்டில் பங்கு நட்டத்தில் போய், அதற்கு முன்னோ பின்னோ 30 நாளுக்குள் அதே பங்கை வாங்கியிருந்தால் வாஷ் சேல் விதிப்படி அந்த நட்டத்தையும் இப்போது கழிக்க முடியாது. டபிள்யூ குறியீட்டோடு ஜி பத்தியில் அதைத் திருப்பிச் சேர்க்க வேண்டும்.

மொத்தமும் கட்ட வேண்டியதும்

8949இன் இரண்டு பகுதிகளின் மொத்தங்களும் ஷெட்யூல் டிக்குச் சென்று, அங்கிருந்து முதன்மை வருமான வரிப் படிவமான 1040க்குப் போகும். நிகர மூலதன நட்டம் வந்தால் ஆண்டுக்கு 3,000 டாலர் வரை பிற வருமானத்தில் கழித்து, மீதியை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். குறுகிய கால ஆதாயத்துக்குச் சம்பளத்துக்குரிய விகிதமே, 37 சதவீதம் வரை, பொருந்தும். நீண்ட கால ஆதாயத்துக்கு 0, 15, 20 சதவீதம் என்ற படிகள். வருமானம் தனிநபருக்கு 2,00,000 டாலரையும், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 2,50,000 டாலரையும் தாண்டினால் படிவம் 8960 வழியாக முதலீட்டு வருமானத்தின் மீது மேலும் 3.8 சதவீதம் சேரும். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் நீண்ட கால ஆதாயத்துக்குச் சலுகை விகிதம் தருவதில்லை என்பதால் மாநில வரியைத் தனியே கணக்கிட வேண்டும்.

பிரீமியத்தில் யாரும் வரி பிடித்தம் செய்வதில்லை. மாதாமாதம் கால் விற்பவர்கள் ஏப்ரல், ஜூன், செப்டம்பர் மாதங்களின் 15ஆம் நாளும் அடுத்த ஜனவரி 15உம் ஆகிய தவணைகளில் படிவம் 1040-இஎஸ் மூலம் முன்வரி கட்டலாம். வேலையில் இருப்பவர்கள் சம்பளத்தில் பிடித்தத்தை உயர்த்தச் சொல்லியும் சரிசெய்துகொள்ளலாம். முந்தைய ஆண்டின் வரியில் 100 சதவீதம், அந்த ஆண்டு வருமானம் 1,50,000 டாலரைத் தாண்டியிருந்தால் 110 சதவீதம், இப்படிக் கட்டப்பட்டிருந்தால் அபராதம் இல்லை.

ஒவ்வொரு காலையும் விற்கும் அன்றே, பங்கின் முந்தைய முடிவு விலை, ஸ்ட்ரைக் விலை, காலாவதிக்கு எத்தனை நாள், அந்தப் பங்கு வாங்கிய தேதி ஆகிய நான்கையும் ஒரு தாளிலோ விரிதாளிலோ குறித்துவைத்தால், தகுதி பெற்றதா இல்லையா என்பதை ஆண்டு முடிவில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது. கடந்த ஆண்டுகளில் பிரீமியத்தை வாங்கிய ஆண்டிலேயே காட்டியோ, அசைன் ஆனதை இரட்டித்துக் காட்டியோ இருந்தால், பொதுவாகத் தாக்கல் செய்த மூன்று ஆண்டுக்குள் படிவம் 1040-எக்ஸ் மூலம் திருத்தி, கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெறலாம்.